பதினேழாம் நம்பர் தகடு

பிப்ரவரி 11

அன்புள்ள மச்சானுக்கு,

வந்து சேர்ந்து பதினெட்டு நாள் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன். நீங்கள், அத்தை, உங்கள் தங்கச்சி மூன்று பேரும் சுகம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? உங்கள் தங்கச்சிக்கு இது ஐந்தாம் மாதம். வாந்தி நின்றதா என்று கேட்டால் "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று ஒரே பதில்தான் சொல்கிறாள். நீங்கள்தான் உள்ளதை எழுத வேண்டும்.

போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே நிற்பாள், நமக்குள் பேச வேண்டியதைக் கடிதத்தில் வைத்துக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று.

அறையில் நான்கு கட்டில், ஒரு ஜன்னல். திறந்தால் எதிர்க் கட்டடத்து ஜன்னல் தெரியும். அங்கேயும் ஒருவன் பனியனோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். என் கட்டிலுக்கு மேல் கட்டில் ஒரு பெயிண்டர் அண்ணனுடையது. ஏழு வருடமாக இருக்கிறார். முதல் நாளே என் செருப்பைப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டு இந்தக் குளிர்ல வெளிய போனா கால் கழண்டு கையில வந்துடும் தம்பி" என்று தன் பழைய பூட்ஸைக் கொடுத்தார். ஒரு சைஸ் பெரிது. முன்னால் காகிதம் திணித்துப் போட்டுக்கொள்கிறேன்.

வேலை, பெரிய பெரிய எண்ணெய்த் தொட்டிகள் செய்யும் பட்டறையில். வெல்டர்கள் மட்டும் அறுபது பேர். ஃபோர்மேன் நரைத்த ஆள், அதிகம் பேசமாட்டார். செய்ததைப் பார்ப்பார், சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார், "மறுபடியும்" என்பார், போய்விடுவார். அதனால் அவர் பெயரே 'மறுபடியும்' ஆகிவிட்டது. முதல் வாரத்தில் நான் வாங்கிய மறுபடியும்களை எண்ணி மாளாது.

ஆபீஸ் சுவரில் ஒரு தகட்டை மாட்டி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஆள் எடுத்தபோது நடந்த வெல்டிங் டெஸ்டில் வந்ததிலேயே சிறந்ததாம். அதன் மேல் சாக்கட்டியில் எழுதிய நம்பரைக்கூட அழிக்கவில்லை. பதினேழு. கையெழுத்துப் போடப் போனபோது 'மறுபடியும்' என் தோளில் தட்டி அதைக் காட்டிச் சிரித்தார். மச்சான், என் நம்பர் சீட்டைச் சட்டையில் குத்திக்கொண்டு, மாஸ்க்கை இறக்கிவிட்டு எனக்குப் பதிலாக நீங்கள் உட்கார்ந்தீர்களே, கொஞ்சம் சுமாராகச் செய்திருக்கக் கூடாதா?

பஸ் ஸ்டாண்டில் நீங்கள் பையில் திணித்த உங்கள் மாஸ்க்கைத்தான் போட்டுக்கொள்கிறேன். இடது பக்கத்து நசுங்கலைப் பார்த்து எல்லோரும் என்னைப் பழைய ஆள் என்று நினைக்கிறார்கள்.

அடுத்த முறை ஆள் எடுக்கும்போது நீங்கள் இங்கே வந்தே ஆக வேண்டும். அதற்கு நான் பொறுப்பு. அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பதினேழு


மார்ச் 4

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு இருபத்திமூன்று எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அம்மாவைவிட அதிகம் பேசுகிறது. தங்கச்சிக்கு வாந்தி நின்றுவிட்டது, இப்போது என் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிறாள். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பட்டறையில் நீங்கள் எனக்கு கிரைண்டிங் செய்துகொண்டிருந்த ஆறு வருடமும் வாடா போடா என்றுதான் கூப்பிட்டேன். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த மறுநாள் அம்மா, "வீட்டு மாப்பிள்ளைய டா போட்டுக் கூப்பிட்டே, சோறு கிடையாது" என்றாள். அன்றிலிருந்து சோற்றுக்காக 'நீங்கள்' போடுகிறேன். எழுதும்போது இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சுமாராகச் செய்திருக்கலாம்தான். ஆனால் உங்கள் நம்பரில் முதலில் உட்கார்ந்தபோது தங்கச்சி முகம் கண்ணில் நின்றது. கைக்குள் இருந்த வேலையெல்லாம் அதில் போய்விட்டது. ஒரு மணி நேரம் கழித்து என் சொந்த நம்பர் இருபத்திமூன்றில் உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. வளைத்துப் பார்த்தபோது என் தகட்டில் ஒட்டு விட்டுக்கொண்டது. அன்றைக்கு டீக்கடையில் உங்களிடம் சொன்னதோடு சரி, அம்மாவுக்குக்கூடத் தெரியாது. வெல்டருக்குக் கை நடுங்கியது என்று ஒரு பேச்சு வந்தால் பிறகு யார் கையில் வெல்டிங் ராடு எடுத்துக் கொடுப்பார்கள்?

தலைக்கு மேல் வெல்டிங் செய்யும்போது ராடை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொள்ளுங்கள். மூச்சை அடக்காமல் மெல்ல விட்டுக்கொண்டே இழுங்கள். ஆறு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவர்தானே, வரும்.

எனக்குப் பார்த்த பெண் வீட்டில் வருடக் கடைசி வரை பொறுக்கிறோம் என்றார்கள். வெளிநாட்டு வேலை உறுதியானால் உடனே தேதி. பட்டறையில் வாரம் மூன்று நாள்தான் வேலை, அதுவும் வெறும் கேட் செய்கிற வேலை. அதனால் சீக்கிரம் கூப்பிடுங்கள்.

உடம்பு பத்திரம்.

இப்படிக்கு,
இருபத்திமூன்று


ஏப்ரல் 9

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். அவளை மாடிப்படி ஏறவிடாதீர்கள்.

இங்கே யார் எது கேட்டாலும் தலையாட்டிப் பழகிவிட்டேன். போன வாரம் ஒரு ஆபீசில் அடையாள அட்டைக்காகப் போய், தலையாட்டித் தலையாட்டிக் கடைசியில் நாய் வளர்ப்பவர்கள் நிற்கும் வரிசையில் நின்றிருக்கிறேன். என் முறை வந்ததும் அந்த அம்மாள் "நாய் எங்கே" என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். பெயிண்டர் அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

கிடைமட்டமாக இருக்கும் வேலை வந்துவிட்டது. தலைக்கு மேல்தான் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கழிவுத் தகட்டில் பழகுகிறேன். பொறி கழுத்துக்குள் விழுந்து இரண்டு இடத்தில் கொப்பளம். 'மறுபடியும்' ஒரு நாள் என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போய், சுவரில் இருப்பதைக் காட்டி, "இதைச் செய்த கைதானே இது?" என்று கேட்டார். ராடு வேறு, குளிர் வேறு என்று ஏதோ சொன்னேன். நம்பிவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் கொடுத்திருக்கிறார்.

நீங்கள் வந்துவிட்டால் பக்கத்தில் நின்று பழகிக்கொள்வேன் என்று நினைக்கிறேன். நினைக்கும்போதே பயமாகவும் இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பதினேழு


மே 12

மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் சுகம். தங்கச்சிக்கு அடுத்த மாதம் மூன்றாவது வாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் பையெல்லாம் கட்டி வைத்தாயிற்று. உங்கள் கழுத்துக் கொப்பளம் ஆறியதா? காலரை மூடிப் பொத்தான் போடச் சொல்லி எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்.

நல்ல சேதி. உங்கள் கம்பெனிக்கு இருபது பேர் எடுக்கிறார்கள். போன செவ்வாய் டெஸ்ட் நடந்தது. இந்த முறை ஒரே ஒரு தகடுதான், என் நம்பரில் நானே உட்கார்ந்தேன். கை அசையவில்லை. வளைத்தும் ஒன்றும் ஆகவில்லை. நாற்பத்தொன்று என் நம்பர். தகடுகள் உங்கள் பட்டறைக்கு வரும். கடைசி முடிவு அங்கேதானாம். ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று ஏஜென்ட் சொன்னார். நான் சிரித்தேன். அங்கே இருக்கும் ஒரே ஊர்க்காரர் என் வீட்டு மாப்பிள்ளை என்று அவரிடம் சொல்லவில்லை.

பெண் வீட்டில் அம்மா சொல்லிவிட்டாள். அவசரம்தான், கேட்டால்தானே.

உங்கள் வார்த்தை ஒன்று போதும்.

இப்படிக்கு,
இந்த மாதம் மட்டும் நாற்பத்தொன்று


ஜூன் 1
(எழுதி, மடித்து, பெட்டிக்கு அடியில் வைத்தது)

மச்சான்,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

இன்று விடுமுறை. மற்ற மூன்று பேரும் துணி துவைக்கப் போயிருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை தகடுகள் வந்தன. 'மறுபடியும்' என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசைமேல் நாற்பத்தொன்று இருந்தது. சுவரில் இருந்த பதினேழையும் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். இரண்டிலும் ஒரே வரி, ஒரே அகலம், முடிக்கிற இடத்தில் அதே சின்னச் சுழிப்பு. வெல்டிங்கும் கையெழுத்துதான் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். "இவன் உங்க ஊர்க்காரன். ரெண்டும் ஒரே கை மாதிரி இருக்கே?" என்று கேட்டார்.

நீங்கள் வந்து பக்கத்தில் நின்று ஒரு ராடு எரித்தால் போதும், பதினேழு யாருடையது என்று அறுபது பேருக்கும் தெரிந்துவிடும். என்னை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். அவள் நிறைமாதமாக இருக்கிறாள். இதெல்லாம் அப்போது யோசித்தேனா, இப்போது சேர்த்துக்கொள்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"நான்தான் கத்துக்கொடுத்தேன். அதனாலதான் ஒரே மாதிரி இருக்கு. நல்ல வேலைக்காரன். பாவம், இப்ப கை நடுங்குது. சில நாள் வரும், சில நாள் வராது."

அவர் பழைய பட்டியலைப் புரட்டி உங்கள் பெயரைத் தேடினார். இருபத்திமூன்று, வளைத்ததில் விட்டுக்கொண்டது என்று அதில் இருந்தது. நாற்பது அடி உயரத்தில் கை நடுங்குகிறவனை ஏற்ற முடியாது என்று சொல்லி, நாற்பத்தொன்றைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு நன்றி வேறு சொன்னார்.

நீங்கள் என்னை நம்பிச் சொன்ன ஒரே ரகசியத்தை எடுத்து உங்கள் கழுத்திலேயே வைத்துவிட்டேன். வெளியே வந்து உங்கள் மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டேன். அதற்குள் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

இதை அனுப்ப வேண்டும். நாளைக்கு அனுப்புவேன்.


ஜூன் 6

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? அவளை ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் முன்கூட்டியே கூட்டிப்போய்விடுங்கள். வண்டிக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள்.

தகடுகள் வந்ததாகத் தெரியவில்லை. வந்தால் சொல்கிறேன். இங்கே வெயில் வந்துவிட்டது, பூட்ஸுக்குள் காகிதம் நனைவதில்லை.

அத்தைக்கு வணக்கம்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 5

மாப்பிள்ளைக்கு,

தாயும் பிள்ளையும் சுகம். போனில் சத்தம் கேட்டிருப்பீர்கள். நிறம் உங்களுடையது, கோபம் என் அம்மாவுடையது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் முதலில் என் கையில்தான் கொடுத்தார். ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நீங்கள் இருக்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன், அது ஒரு மாதிரியாக இருந்தது.

எனக்கு அங்கே வேலை இல்லை என்று ஆகிவிட்டது. ஏஜென்ட் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். தகடு தேறியது, ஆனால் ஆளுக்குக் கை நடுக்கம் இருப்பதாக அங்கே விசாரித்ததில் தெரியவந்திருக்கிறது என்று. ஆபீசில் அப்போது பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கே என்னைத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்? யார் சொல்லியிருப்பார்கள் என்று கொஞ்சம் விசாரித்து எழுதுங்கள். உங்களால்தான் முடியும்.

போன கடிதத்தில் பதினேழு என்று கையெழுத்துப் போடவில்லை. மறந்திருப்பீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மைத்துனன்


ஆகஸ்ட் 21

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். குழந்தைக்கு இரண்டு சட்டையும் ஒரு குல்லாவும் அனுப்பியிருக்கிறேன். குல்லா பெரிதாக இருந்தால் எடுத்து வையுங்கள், தலை வளர்ந்துவிடும்.

நீங்கள் கேட்டதை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே ஆட்கள் அதிகம், யாரென்று சொல்வது கஷ்டம்.

அத்தையின் முழங்காலுக்கு அதே பார்சலில் ஒரு தைலம் வைத்திருக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


செப்டம்பர் 14

மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் சுகம். குல்லா காதை மூடி மூக்கு வரை வருகிறது. அம்மா அதைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறாள். தைலம் நன்றாகக் கேட்கிறது.

ஏஜென்ட் ஆபீசில் உட்கார்ந்திருந்த பத்துப் பேருக்கும் வாய் இருந்திருக்கிறது. முதலாளி கூப்பிட்டு, "கொஞ்ச நாள் கிரைண்டிங் பாருப்பா, கை சரியாகட்டும்" என்றார். என் கை சரியாகத்தான் இருக்கிறது என்று அவர் முன்னாலேயே நீட்டிக் காட்டினேன். நீட்டிக் காட்டிய பிறகு அது நடுங்க ஆரம்பித்துவிட்டது. நீங்கள் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். உங்கள் பழைய கிரைண்டிங் கண்ணாடியைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

பெண் வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை. அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

விசாரித்தீர்களா?

உங்கள் மைத்துனன்


அக்டோபர் 16

மச்சான்,

இத்துடன் ஜூன் முதல் தேதி எழுதிய ஒரு கடிதத்தையும் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படியுங்கள். நான்கரை மாதம் என் பெட்டிக்கு அடியில் கிடந்தது.

படித்துவிட்டீர்களா? அதை எழுதியவன் நான்தான். நீங்கள் விசாரிக்கச் சொன்ன ஆளும் நான்தான்.

உங்கள் செப்டம்பர் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் வேலைக்குப் போனேன். என் பழைய கண்ணாடியை நீங்கள் போட்டுக்கொள்கிறீர்கள் என்ற வரிக்கு மேல் போக முடியவில்லை. பெயிண்டர் அண்ணனிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லையே தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்க் குளித்தார்.

போன திங்கட்கிழமை 'மறுபடியும்' முன்னால் போய் நின்றேன். பதினேழு என் கை இல்லை, நான் நடுங்குகிறது என்று சொன்ன கைதான் அது, அந்தக் கைக்கு ஒன்றும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு தகட்டைத் தலைக்கு மேல் பொருத்தி, செய் என்றார். உங்கள் மாஸ்க்கைப் போடாமல் பட்டறை மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு செய்தேன். அதை அழுத்தி வளைத்ததும் குறுக்கே பிளந்துவிட்டது. வழக்கமாகச் சொல்லும் வார்த்தையை அவர் சொல்லவில்லை. சுவரில் இருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதைச் செய்தவனை எப்படிக் கூப்பிடுவது?" என்று கேட்டார். உங்கள் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

என்னை கிரைண்டிங்கில் போட்டிருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிகிறவரை இருக்கலாம், அதற்குப் பிறகு தெரியாது. கிரைண்டிங் எனக்கு நன்றாக வரும் என்று உங்களுக்குத் தெரியும். நிம்மதியாக இருக்கிறது என்று எழுதினால் பொய். வெட்கமாக இருக்கிறது.

உங்களுக்கு அவர்களிடமிருந்து காகிதம் வரும். என்மேல் உள்ள கோபத்தில் அதைக் கிழித்துவிடாதீர்கள். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அத்தைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நான்


நவம்பர் 29

மச்சானுக்கு,

நலம்தானா? ஆறு வாரமாகப் பதில் இல்லை. போனில் கேட்டால் "அண்ணன் வேலைக்குப் போயிருக்கு" என்கிறாள் அவள். ஞாயிற்றுக்கிழமைகூட அதையே சொன்னாள். ஒரு வரி எழுதினால் போதும். திட்டி எழுதினாலும் போதும்.

நான்


டிசம்பர் 30

உனக்கு,

அம்மாவும் தங்கச்சியும் சுகம். குழந்தை உட்காரப் பார்க்கிறாள், சரிந்து விழுகிறாள், மறுபடி எழுந்து உட்காரப் பார்க்கிறாள்.

'நீங்கள்' போட்டு எழுதிப் பார்த்தேன். மூன்று தாள் வீணானதுதான் மிச்சம். இதில் 'நீ'தான். அம்மா சோறு போடாவிட்டாலும் பரவாயில்லை.

ஏஜென்ட் அந்தக் காகிதத்தைப் படித்த நிமிஷமே எனக்குத் தெரியும். டெஸ்டில் என் முகம் மாஸ்க்குக்குள் இருந்தது, கை உறைக்குள் இருந்தது. நடுங்கியதை எவனும் பார்க்கவில்லை. நான் சொன்னது உன் ஒருவனிடம். தெரிந்துதான் விசாரித்து எழுதச் சொன்னேன். நீயே வாயைத் திறந்து சொல்லிவிடுவாய் என்று பார்த்தேன். நீ குல்லா அனுப்பினாய்.

எனக்குப் பார்த்த பெண்ணுக்குப் போன வாரம் வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. மண்டபத்து கேட் இரண்டு வருடம் முன்பு நான் வெல்டிங் செய்தது, நீ கிரைண்டிங் செய்தது. நன்றாகத்தான் செய்திருக்கிறோம், சத்தமில்லாமல் திறக்கிறது. எதிர்க் கடையில் நின்று ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உனக்கு நன்றாக இருக்கும். எழுத வரவில்லை. உன் கடிதம் வந்த அன்று உன்னை அடிக்க வேண்டும் என்று இருந்தது. இன்றும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நீ போய் நின்று சொன்னாய் என்பதையும் நான்கைந்து தடவை படித்தேன்.

உங்கள் கம்பெனிக் காகிதம் வந்தது. இந்தத் தடவை டெஸ்டில் மாஸ்க் போடுவதற்கு முன்னால் முகத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கை ஆடாமல் நின்றது. அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி அங்கே வந்து இறங்குகிறேன். உனக்காக வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு அந்த வேலை தெரியும், அதனால் வருகிறேன்.

தங்கச்சியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ. நான் கிளம்புவதற்கு முன் அவளுக்குப் போன் செய். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

அம்மா உனக்கு இரண்டு ஸ்வெட்டர் கொடுத்துவிடுகிறாள். எனக்குத் துணி, பூட்ஸ், கையுறை எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. மாஸ்க் மட்டும் எடுத்து வரவில்லை. என்னுடையது உன்னிடம் இருக்கிறது. துடைத்து வை.

மச்சான்